வென்ஃப்ளான் போடத் தனி டீமா, வார்டு சிஸ்டரே போதுமா?

குடந்தை ஸ்டாஃப்

கும்பகோணத்தில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். நிர்வாகம் புதிதாக ஒரு யோசனை வைத்திருக்கிறது. இனி வார்டு நர்ஸ்கள் வென்ஃப்ளான் (சொட்டு மருந்து ஏற்றக் கை ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ‘லைன்’ என்றும் சொல்வோம்) போட வேண்டாமாம். கை நன்றாக வருகிற நாலு பேரைப் பொறுக்கியெடுத்து ‘ஐவி டீம்’ என்று வைப்பார்களாம். எந்த மாடியிலிருந்து கூப்பிட்டாலும் அவர்கள் ட்ரேயோடு வந்து லைன் போட்டுவிட்டுப் போவார்கள். வருகிற புகாரில் பெரும்பாலானவை “குத்திக் குத்திக் கையைப் புண்ணாக்கிட்டாங்க” என்பதுதான் என்று காரணம் சொல்கிறார்கள்.

எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. வேலை குறையும் என்று சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு பக்கம். நாலு பேரை மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால் ராத்திரிக்கு யார் மிஞ்சுவார்கள் என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். ஒருவருக்கு வீக் ஆஃப், ஒருவருக்கு வீட்டில் விசேஷம் என்றால் கதை முடிந்தது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மன்னை டூட்டி டாக்டர்

வைக்கட்டும் சிஸ்டர், நல்லதுதானே. இதில் ஆய்வும் இருக்கிறது. 1998-ல் ஒரு அமெரிக்க மருத்துவமனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐவி டீம் கவனித்தவர்களில் 7.9 சதவீதம் பேருக்குத்தான் லைன் போட்ட இடத்தில் சிவப்பு, வலி, வீக்கம் மாதிரி ஏதாவது வந்தது. மற்றவர்களில் 21.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்.

நம் வார்டுகளில் நடப்பது என்ன? புதிதாகச் சேர்ந்த பெண் ஒருமுறை குத்துவார், வராது. பக்கத்துப் படுக்கை சிஸ்டர் வருவார், அவருக்கும் வராது. கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் நல்ல வெயின் (ரத்தக் குழாய்) எல்லாம் வீங்கிப்போய் இருக்கும். முதலிலேயே தெரிந்தவர் போட்டால் இந்த அவஸ்தை யாருக்கும் இல்லை.

ஓய்வு மேட்ரன்

தம்பி, அந்த ஆய்வை முழுதாகப் படித்தீர்களா? டீமோடு ஒப்பிட்டது வார்டு நர்ஸை அல்ல. பயிற்சியில் இருக்கிற டாக்டர்களை. நம் ஊர்க் கணக்கில் சிஆர்ஆர்ஐ பிள்ளைகள், அதாவது படிப்பின் கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிற ஹவுஸ் சர்ஜன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் “நர்ஸைவிட டீம் நல்லது” என்று அதிலிருந்து எடுக்க முடியாது. வேண்டுமானால் “ராத்திரி இரண்டு மணிக்கு ஹவுஸ் சர்ஜனை எழுப்பாதே” என்று எடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் குழு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டு உலகம் முழுக்கத் தேடியது. சிறப்பு டீமா, எல்லா நர்ஸுமா என்பதற்குத் தங்கள் அளவுகோலுக்குப் பொருந்துகிற ஒரு முடிந்த ஆய்வுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். டீம் மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. நிரூபணம் இல்லை, அவ்வளவுதான்.

நான் பார்க்கிற விஷயம் வேறு. அந்த 1998 டீம் லைனைக் குத்திவிட்டுப் போய்விடவில்லை. போட்டதும் அவர்கள், பராமரித்ததும் அவர்கள். ஐவி நர்ஸ் என்ற வேலையே 1940-ல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏடா ப்ளமர் என்ற செவிலியரை நியமித்ததில் தொடங்கியது. சொட்டு மருந்து, ரத்தம் ஏற்றுவது மட்டுமில்லை, ட்யூப் செட்டையும் ஊசியையும் கழுவித் தயார் செய்வதும் அவர் வேலை. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கை. குடந்தை நிர்வாகம் சொல்வது அதுவா? குத்துவதற்கு மட்டும் ஆள் வைப்பது, வாய்க்காலை வெட்டிவிட்டு மடை காக்க ஆள் போடாத மாதிரி.

பாபநாசம் விவசாயி மகன்

நான் மருத்துவத்துறை இல்லை. படித்துக்கொண்டு போகிறபோது எழுதத் தோன்றியது. அம்மாவுக்கு டெங்கு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். ஊசி போட வந்தவர் நன்றாகத்தான் போட்டார், ஒரே முறை, அம்மா முகம்கூடச் சுளிக்கவில்லை. பிரச்சினை அப்புறம். சாயங்காலம் கை பூரி மாதிரி உப்பிவிட்டது. பாட்டில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கவுண்டரில் போய்ச் சொன்னால், “போட்டவங்க டூட்டி முடிஞ்சு போயிட்டாங்க, ஆள் வரும், வெயிட் பண்ணுங்க.” வளையலைக்கூடக் கழற்ற முடியாமல் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினேன்.

யார் குத்துகிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. கை வீங்கினால் யாரிடம் சொல்வது என்று தெரிந்தால் போதும்.

ஆரூர் லேபர் வார்டு

திருவாரூர் மாவட்டம். அரசு வேலை, பிரசவ வார்டு. டீம் என்பதெல்லாம் மெடிக்கல் வார்டுக்குச் சரியாக இருக்கலாம். எங்களிடம் வந்து சொல்லிப் பாருங்கள். பிள்ளை பிறந்து ரத்தம் கொட்டுகிறது என்றால் இரண்டு கையிலும் பெரிய லைன் உடனே வேண்டும். பச்சை 18, முடிந்தால் சாம்பல் 16 (எண் குறையக் குறையக் குழாய் தடிமன்). நீல 22-ல் நிமிடத்துக்கு 35 மில்லி அளவில்தான் ஓடும், பச்சையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நேரத்தில் போன் போட்டு “டீம் வாங்க” என்று காத்திருக்க முடியுமா? லிஃப்ட் வேறு வேலை செய்யாது.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒரு வருடம் போடாமல் இருந்தால் கை விட்டுப்போகும். இன்று தனியாரில் டீம் வைத்த இடத்தில் வேலை பார்த்துவிட்டு நாளை எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதித் தேர்வாகி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். ராத்திரியில் அவர்தான் எல்லாம். டாக்டரும் அவரே, டீமும் அவரே.

மன்னை டூட்டி டாக்டர்

அவசரத்துக்கு எல்லோரும் போடலாம் என்று விதி வைத்துக்கொள்ளலாமே மேடம்.

ஆரூர் லேபர் வார்டு

பழகாத கை அவசரத்தில் எப்படி வரும் டாக்டர்?

கோடியக்கரை 108

ஆம்புலன்ஸில் இஎம்டி, அதாவது வண்டியில் அவசர சிகிச்சை கொடுக்கிற டெக்னீஷியன். எங்கள் லைனைப் பற்றி வார்டில் திட்டுகிறார்கள் என்று தெரியும், அதனால் ஒரு வார்த்தை. வேதாரண்யம் ரோட்டில் குலுங்குகிற வண்டியில் போடுகிற லைன் அது. ஸ்பிரிட் காயக்கூட நேரம் இருக்காது. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் ஊரே இருட்டு, செல்போன் வெளிச்சத்தில் போட்டிருக்கிறோம். சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லாத அவசர லைனை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்பதுதான் விதி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிகாட்டியிலும் அதுதான். ஆனால் நாங்கள் போட்டது நன்றாக ஓடுகிறது என்று வார்டில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அறுவடை நேரத்துப் பாம்புக்கடி. கண்ணாடிவிரியன் என்றால் ரத்தம் உறையாது. தவறிய ஒவ்வொரு குத்திலும் கசிந்துகொண்டே இருக்கும். கடித்த கையில், கடித்த காலில் லைன் போடவே கூடாது. விஷமுறிவு மருந்து முதல் தவணையே பத்துக் குப்பி, அதுவும் லைன் வழியாகத்தான் போக வேண்டும். இந்த மாதிரி ஆளுக்கு முதல் குத்தையே இருப்பவர்களில் கை நன்றாக வருகிறவர் குத்தட்டும். பழகுகிறவர்களுக்கு வேறு கை கிடைக்கும்.

குடந்தை ஸ்டாஃப்

108 தம்பி சொன்னதைக் குறித்துக்கொண்டேன். லைன் எங்கே, எப்போது போட்டது என்று ஒட்டுகிற பிளாஸ்டரில் எழுதிவிட்டு இறக்கினால் எங்களுக்கும் எளிது.

மேட்ரன் அம்மா கேட்டதற்குப் பதில்: எங்கள் நிர்வாகம் சொல்கிற டீம் குத்துவதற்கு மட்டும்தான். பார்ப்பது, ஃப்ளஷ் செய்வது (அடைக்காமலிருக்க உப்புநீர் செலுத்துவது), எடுப்பது எல்லாம் வார்டு வேலையாகவே இருக்கும். கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சின்னக் கை

குழந்தைகள் வார்டு, தஞ்சாவூர். குழந்தைகளுக்கு மட்டும் நான் டீம் கட்சி. பச்சைக் குழந்தைக்கு ஊதா 26, கொஞ்சம் வளர்ந்ததற்கு மஞ்சள் 24. புறங்கையில் கொழுப்புக்கு அடியில் வெயின் கண்ணுக்கே தெரியாது. டார்ச்சை உள்ளங்கைப் பக்கம் பிடித்தால் கோடு மாதிரி ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் குத்த, அம்மாவை வெளியே நிற்கச் சொன்னால் அது ஒரு தனிக் கூச்சல். மருந்துப் பெட்டி அட்டையை நீளமாக வெட்டி, பஞ்சும் காஸும் சுற்றி ஸ்ப்ளின்ட் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் பிடுங்கிவிடும். விரல் நுனி மூடாமல் கட்ட வேண்டும். நிறம் மாறினால் தெரிய வேண்டுமே. இது எல்லோருக்கும் வருகிற வேலை இல்லை. பெரியவர்கள் வார்டிலிருந்து நல்ல கைக்காரரை அனுப்பினாலும் இங்கே திணறுகிறார்.

கடைத்தெரு பார்மசி

எல்லோரும் யார் போடுவது என்று பேசுகிறீர்கள். எதற்குப் போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கடைக்கு எதிரில் ஒரு கிளினிக். நடவுக்குப் போய்விட்டு வருகிற அம்மாக்கள் நேராக வந்து, “உடம்பு அசதியா இருக்கு, ரெண்டு பாட்டில் ஏத்திவிடுங்க” என்கிறார்கள். டாக்டர் மறுத்தால் அடுத்த தெருவில் ஏற்றிக்கொள்வார்கள் என்று அவரும் ஏற்றுகிறார். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். வீட்டில் சர்க்கரை போட்டு எலுமிச்சை ஜூஸ் குடித்தால் வந்துவிடும். பெரிய மருத்துவமனையிலும் அட்மிஷன் என்றாலே முதலில் ஒரு வென்ஃப்ளான். மருந்து எல்லாம் மாத்திரையாக மாறி நாளாகியிருக்கும், கையில் மூடி போட்டபடி அது இருந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் போகும்போது எடுக்க மறந்து, எங்கள் கடையில் வந்து “இதை எடுத்துவிடுங்களேன்” என்று கை நீட்டியவர்கள் உண்டு.

பாதி லைன் தேவையே இல்லாதது என்பது என் அபிப்பிராயம். அதை நிறுத்தினால் மீதியை இருக்கிற சிஸ்டர்களே நிதானமாகப் போடலாம்.

மன்னை டூட்டி டாக்டர்

பாதி என்பது கொஞ்சம் அதிகம் சார். ஆனால் சும்மா கிடக்கிற லைன் விஷயத்தில் மறுப்பு இல்லை. ரவுண்ட்ஸில் நாங்கள்தான் “லைனை எடுத்துவிடுங்கள்” என்று எழுத வேண்டும், எழுதுவதில்லை.

ஒரு சந்தேகம். மூன்று நாளானால் லைனை மாற்றியே ஆக வேண்டும் என்று எங்கள் இடத்தில் விதி. நன்றாக ஓடுகிற லைனைப் பிடுங்கிவிட்டு மறுபடி குத்துகிறோம். இது அவசியமா?

ஓய்வு மேட்ரன்

அதற்குப் பெரிய ஆய்வே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளை வைத்துப் பார்த்து 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியவர்களுக்கும், கெட்டால் மட்டும் மாற்றியவர்களுக்கும் வெயின் அழற்சி ஒரே அளவு, இரண்டு பக்கமும் 7 சதவீதம். ஆக, நாள் கணக்குப் பார்த்துப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: “கெட்டால் மாற்று” என்றால் கெட்டதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் மூன்று நாள் விதியே ஒரு பாதுகாப்பு. நான் வேலையில் இருந்தபோது அந்த விதியை எடுக்க விடாததற்கு அதுதான் காரணம்.

கை பழகுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் கொஞ்சம் எழுதுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நம் பக்கத்து வயசான விவசாயிகள் கையைப் பார்த்தால் ஆசையாக இருக்கும், கயிறு கயிறாக வெயின். குத்தப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும். சுற்றியிருக்கிற சதை கரைந்துபோய்ப் பிடிமானம் இல்லாததுதான் காரணம். அவர்களுக்கு இடது கைக் கட்டைவிரலால் குத்துகிற இடத்துக்குக் கீழே தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமலே குத்த வேண்டும். ஊசியைச் செங்குத்தாகக் கொண்டுபோகாதீர்கள், சாய்வாக. பின்னால் ரத்தம் தெரிந்ததும் பலபேர் ஊசியை உடனே உருவிவிடுகிறார்கள். ஊசி முனை உள்ளே போயிருக்கும், பிளாஸ்டிக் முனை இன்னும் போயிருக்காது. சாய்வை இன்னும் தாழ்த்தி ஒரு நெல்மணி அளவு முன்னே தள்ளிவிட்டு, அப்புறம் பிளாஸ்டிக்கை மட்டும் நகர்த்துங்கள். தோல் காகிதமாக இருக்கிற பாட்டிகளுக்கு டூர்னிகே (கையில் கட்டுகிற பட்டை) இறுக்கமாகக் கட்டினால் குத்தியதும் வெயின் வெடிக்கும். லேசாகக் கட்டுங்கள், சிலருக்குக் கட்டவே வேண்டாம், கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாலே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கை சில்லிட்டு ஒன்றும் தெரியாதபோது கையுறையில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டுக் கொஞ்ச நேரம் மேலே வைத்துப் பாருங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு.

முழங்கை மடிப்பில் போடுவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். சாப்பிடக் கையை மடக்கினால் நின்றுவிடும். முன்கையில் நேரான இடம் தேடுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வேண்டாம்.

இதெல்லாம் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இருக்கக் கூடாது.

ஆரூர் லேபர் வார்டு

அம்மா, இதை அப்படியே பிரிண்ட் எடுத்து எங்கள் நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டப் போகிறேன்.

பெயர் வேண்டாம்

தனியாரில் இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்று: டீம் என்று ஆரம்பிப்பார்கள், அதற்குப் புது ஆள் எடுக்க மாட்டார்கள். இருக்கிற வார்டிலிருந்து நாலு பேரை உருவுவார்கள். இப்போதே ராத்திரியில் ஒரு மாடிக்கு ஒரு ஸ்டாஃப், கூடப் பதிவு இல்லாத ஒரு பெண். கற்பித்தல் மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர் என்று நர்ஸிங் கவுன்சில் காகிதத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அப்புறம் பில்லில் ‘ஐவி டீம் சார்ஜ்’ என்று ஒரு வரி கூடும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் விவசாயி மகன்

அந்தக் கடைசி வரியை நான் நம்புகிறேன்.

குடந்தை ஸ்டாஃப்

எல்லோர் சொன்னதையும் வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வார்டு நர்ஸ்களே லைன் போடுவார்கள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது, நோயாளிக்கு மொத்தம் நாலைத் தாண்டக் கூடாது. ஐவி சிகிச்சை நர்ஸ்களின் அமெரிக்கச் சங்கமான இன்ஃப்யூஷன் நர்ஸஸ் சொசைட்டியின் 2016 தர விதியிலும் இதே எண்கள்தான் என்று தேடிப் பார்த்தேன். இரண்டு தவறினால் கூப்பிட ஒவ்வொரு ஷிஃப்டிலும் கை தேர்ந்த ஒருவர். அவர் வார்டிலேயே வேலை பார்ப்பார், ஆனால் அந்த ஷிஃப்டில் அவருக்குப் படுக்கை குறைவாகக் கொடுக்க வேண்டும். அவர் வந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது, கூப்பிட்ட நர்ஸை நிற்கவைத்துக் காட்டிக்கொடுத்துப் போட வேண்டும். பாம்புக்கடி, கீமோ, குழந்தைகளுக்கு அவரே முதல் குத்து. எல்லா லைனையும் அவர் ஷிஃப்டில் ஒருமுறை சுற்றிப் பார்த்து, தேவையில்லாததை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பார். வீங்கினால் யாரிடம் சொல்வது என்று கட்டில் தலைமாட்டில் தமிழில் ஒரு அட்டை.

மன்னை டூட்டி டாக்டர்

இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். இன்னொன்றும் சேருங்கள்: நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற மருந்து), கால்சியம், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போகிற லைனைத் தனியாகக் குறித்து வையுங்கள். இவை வெளியே கசிந்தால் வீக்கத்தோடு நிற்காது, தோலே கருகிவிடும்.

நாகை டயாலிசிஸ்

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் ஆட்களின் ஃபிஸ்டுலா கையில் (டயாலிசிஸுக்காக ஆர்ட்டரியையும் வெயினையும் ஆபரேஷனில் இணைத்த கை) குத்தக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்காத, சிறுநீரகம் கெட்டுக் கிரியாட்டினின் ஏறிக்கொண்டு வருகிற சர்க்கரை நோயாளிதான் மாட்டிக்கொள்கிறார். மேட்ரன் அம்மா முன்கை என்றார்கள், மற்றவர்களுக்கு அது சரி. இவர்களுக்கு மட்டும் முன்கையைத் தொடாமல் புறங்கையில் போடுங்கள். நாளைக்கு ஃபிஸ்டுலா வைக்க அந்த வெயின்தான் வேண்டும். சர்ஜன் கையைத் தடவிப் பார்த்துவிட்டு “ஒண்ணும் மிச்சம் வைக்கலையே” என்று உதட்டைப் பிதுக்குவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஓய்வு மேட்ரன்

நல்ல திருத்தம். ஏற்றுக்கொண்டேன்.

குடந்தை ஸ்டாஃப்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒன்று அம்மா, சார்ட்டில் லைனைப் பார்த்ததற்கு எத்தனை கட்டம் போடுவது? ஷிஃப்டுக்கு ஒன்று போதுமா?

ஓய்வு மேட்ரன்

போதாது. சுற்றிப் பார்ப்பவர் ஷிஃப்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும், படுக்கைக்குப் பொறுப்பான நர்ஸ் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஐசியூவில், மயக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று இரண்டு மணிக்கு ஒருமுறை, குழந்தைகளுக்கு மணிக்கு ஒருமுறை. மருந்து ஓடாமல் மூடி வைத்திருக்கிற லைனுக்கும் கட்டம் போடுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.